அலை புகாத அறை!

போன் அலறியது.

நிர்வாகக் குழு கூடியிருக்கும் ஹாலில், அதுவும் துணை இயக்குநர் மைக்கைப் பிடித்து, 'வரலாற்றுச் சிறப்புமிக்க இந்தத் தருணத்தில்...' என்று வரலாற்றை இழுத்துக்கொண்டிருக்கும்போது, எந்தப் போனும் அலறக்கூடாது.

அலறியது. கடைசி வரிசையில்!

ஆர்க்கிடெக்ட் பதறிப்போய்க் கைப்பைக்குள் கையை விட்டாள். முதலில் அளவு நாடா வந்தது. அடுத்து தலைவலி மாத்திரை. மூன்றாவதாகத்தான் போன் வந்தது.

திரையில் ஒளிர்ந்த பெயர்...

மகாகனம்!

அதாவது, ஆண்டெனா ஆராய்ச்சி நிலையத்தின் முதன்மை இயக்குநர். அந்தப் பட்டப்பெயரை வைத்தது சைட்டில் வேலை பார்த்தவர்கள். அவள் செய்ததெல்லாம் அதைப் போனில் பதிந்து வைத்தது மட்டும்தான்.

வராந்தாவுக்கு ஓடினாள்.

"சொல்லுங்க சார்!"

கரகரவென்று இரைச்சல். நடுவில், மூச்சு வாங்கும் ஒரு குரல்.

"நான்... முதன்மை இயக்குநர்... பேசறேன்..."

"தெரியுது சார். எங்க இருக்கீங்க? எல்லாரும் உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு..."

"முனைவர்... பேராசிரியர்... சர்வதேச ஆண்டெனாக் கழகத்தின்..."

"சார், விஷயத்தைச் சொல்லுங்க!"

"...கௌரவ... ஆயுட்கால..."

கட்!

திருப்பி அடித்தாள். 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்றது போன்.

மனிதர் எப்போதும் அப்படித்தான். வீட்டுக்குப் போன் போட்டுக் காபி கேட்டால்கூடப் பட்டத்தோடுதான் ஆரம்பிப்பார். ஆனால் அந்த மூச்சு... அது சரியில்லை.

தம்பிக்குப் போட்டாள். உடன்பிறந்த தம்பி. சைட் சூப்பர்வைசர். சட்டைப் பையில் பேனா இருக்காது, திருப்புளி இருக்கும். அதுவே பெயராகிவிட்டது.

"டேய், எங்க இருக்கே?"

"இப்பத்தான் கேட்டுகிட்ட வண்டியை நிறுத்தறேன்க்கா."

"நம்ம கட்டடத்துல மகாகனம் இருக்காரான்னு போய்ப் பாரு. குரலே சரியில்லை."

"அவர் குரல் என்னிக்கு சரியா இருந்துச்சு?"

"போடான்னா!"

போனான்.

அவனை அனுப்பியதற்காக அன்று முழுக்க அவள் நகத்தைக் கடிக்கப் போகிறாள் என்று அப்போது தெரியாது.

* * *

புதுக் கட்டடம் என்பது உண்மையில் ஒரே ஓர் அறை. மற்றதெல்லாம் அந்த அறைக்குப் போட்ட சட்டை.

ஆண்டெனாவைச் சோதிக்க வேண்டுமானால் வெளியிலிருந்து ஓர் அலைகூட உள்ளே வரக்கூடாது. உள்ளே கிளம்பும் அலை சுவரில் பட்டுத் திரும்பவும் கூடாது. அதற்காக ஆறு பக்கமும் இரும்புத் தகடு. தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் ஊசிமுனை இடுக்கு இல்லாத இணைப்பு. அதற்குள்ளே தரை, சுவர், கூரை எங்கும் கரி ஏற்றிய நீல நுரைக் கூம்புகள். முழ நீளம். ஆயிரக்கணக்கில். நடுவில் ஆண்டெனாவை ஏற்றிச் சுழற்ற ஒரு மேடை.

உள்ளே நின்றால் ஏதோ ராட்சத மிருகத்தின் வாய்க்குள் நிற்பது போலிருக்கும். ரேடியோ பாடாது. போன் அடிக்காது. பேச்சுகூட உதட்டைத் தாண்டியதும் செத்து விழும்.

மகாகனத்துக்கு அதில்தான் பெரிய குறை.

"என் குரல் எடுபடலையேம்மா! ஒரு மைக் வைக்க முடியாதா?" என்று முதல் நாளே கேட்டவர் அவர்.

இன்னொரு குறையும் உண்டு. அறைக்குள் உலோகம் ஆகாது. அலையைத் திருப்பி அடிக்கும். கதவுக்கு வெளியே ஒரு மரத்தட்டு. சாவி, கடிகாரம், பெல்ட் எல்லாவற்றையும் அதில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் யாரும் உள்ளே போகலாம். ஊருக்கெல்லாம் ஒரு சட்டம் என்றால் மகாகனத்துக்குப் பொறுக்காது. தன் பட்டங்களைப் பொறித்த பித்தளைப் பலகையை உள்ளே பசை போட்டு ஒட்டவைத்தார். திருப்புளி அதைப் பிய்த்தெடுத்து, எல்லோர் முன்னாலும் அவர் கையிலேயே கொடுத்தான்.

"மறுபடி மாட்டினா உங்க மண்டையிலதான் சார் மாட்டணும்!"

அது போன மாதம்.

இன்று, கூட்டம் முடிந்து, நிர்வாகக் குழு மொத்தமும் ரிப்பன் வெட்ட அங்கே வந்து சேர்ந்தது. துணை இயக்குநர்தான் முன்னால் நடந்தார். மகாகனம் 'மழை' என்றால் வெயிலில் குடை பிடிப்பவர். சைட்டில் அவருக்கு 'ஆமாம்சாமி' என்று பெயர்.

ஆமாம்சாமி கதவின் இரும்புப் பிடியைத் திருகினார். கனத்த கதவு 'புஸ்ஸ்' என்று மூச்சு விட்டபடி திறந்தது.

மகாகனம் உள்ளேதான் இருந்தார்!

கதவுக்கு இடப்பக்கம், சுவரோரக் கூம்புகளில் சரிந்து கிடந்தார். பெல்ட் இல்லாத பேன்ட் இடுப்பை விட்டு நழுவியிருந்தது. வாய் திறந்திருந்தது. முதல்முறையாக, வார்த்தை எதுவும் வராமல்.

குழு உறுப்பினர் ஒருவர் 'வீல்' என்று அலறினார்.

அந்த அறையில் அது இருமல் மாதிரிதான் கேட்டது.

* * *

"அண்ணி, முதல்லயே சொல்லிடறேன். டியூட்டின்னு வந்துட்டா எனக்கு அண்ணனும் கிடையாது, அண்ணியும் கிடையாது."

இன்ஸ்பெக்டர் அவள் கணவனின் தம்பி. தொந்தியும் நக்கலும் சம அளவில் உள்ளவன்.

"சாப்பாடு மட்டும் எங்க வீட்டுல கிடைக்கும். அதானே? என்ன ஆச்சுன்னு சொல்லு தம்பி!"

"டாக்டர் மாரடைப்புங்கறார். அடி, காயம் எதுவும் இல்ல. இதைப் பாருங்க." மரத்தட்டைக் காட்டினான். பெல்ட். கடிகாரம். ஒரு வெள்ளி டப்பா. "நெஞ்சுவலி மாத்திரை. நெஞ்சுவலி கதவுக்கு அந்தப் பக்கம், மாத்திரை கதவுக்கு இந்தப் பக்கம்!"

"அப்ப இயற்கையா..."

"அப்படித்தான் நானும் நினைச்சேன். உள்ள மாட்டிக்கிட்டா திறந்துட்டு வர வழி இருக்கணுமே?"

"இருக்கே! கதவுக்கு உள்பக்கம் நைலான் கைப்பிடி. ஒரு குழந்தை இழுத்தாக்கூடத் திறக்கும். அவசர மணிதான் இன்னும் இணைக்கலை."

"கைப்பிடி இல்ல, அண்ணி. யாரோ கழட்டியிருக்காங்க."

ஆர்க்கிடெக்டுக்குக் காது அடைத்தது.

"தேடினோம். கிடைச்சிடுச்சு." இன்ஸ்பெக்டர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "கன்ட்ரோல் ரூம்ல. உங்க தம்பியோட டூல் பாக்ஸ்ல."

"அந்தப் பெட்டி நேத்திலேர்ந்து அங்கதான் சார் கிடக்குது!" திருப்புளி கத்தினான். இரண்டு கான்ஸ்டபிள்கள் நடுவில் நின்றிருந்தான். "யார் வேணா போட்டிருக்கலாம்!"

"நீ உள்ள வந்து அரைமணி நேரம் என்ன பண்ணினே?"

"தேடினேன். கன்ட்ரோல் ரூம், பாத்ரூம், மாடி. ஆள் இல்ல. சரின்னு, எரியாத ஒரு லைட்டைச் சரிபண்ணிட்டு இருந்தேன்."

"இந்த அறையைத் திறந்து பார்க்கலையா?"

"எதுக்குப் பார்க்கணும்? அக்காவுக்கு அவர் போன் பண்ணியிருக்காரு. போன் வந்துச்சுன்னா அவர் இந்த அறைக்குள்ள இருக்க முடியாதே சார்! எங்கக்கா கட்டின அறை!"

பெருமையோடுதான் சொன்னான், மடையன். தன் கழுத்துக்குத் தானே முடிச்சுப் போட்டுக்கொண்டது அவனுக்குத் தெரியவில்லை.

ஆமாம்சாமிக்குத் தெரிந்தது.

"இன்ஸ்பெக்டர் சார்," என்று நெருங்கி வந்தார். கைக்குட்டையால் கண்ணை ஒற்றினார். கண் காய்ந்துதான் இருந்தது. "காலையில நானும் ஐயாவும் சேர்ந்துதான் வந்தோம். பேச்சை மனப்பாடம் பண்ணணும்னு கன்ட்ரோல் ரூம்லயே உட்கார்ந்துட்டாரு. நான் கூட்டத்துக்குப் போயிட்டேன். அவங்களே சாட்சி." ஆர்க்கிடெக்டைக் காட்டினார். "கூட்டம் நடக்கறப்ப ஐயா போன் பண்ணியிருக்காரு. இந்த அறையிலேர்ந்து போன் போகாது. அப்ப என்ன அர்த்தம்? அந்த நேரத்துல ஐயா வெளிய, உயிரோட, சுதந்திரமா இருந்திருக்காரு! அதுக்கப்புறம்தான் யாரோ அவரை உள்ள கூட்டிட்டுப் போய் அடைச்சிருக்காங்க. போனுக்கு அப்புறம் இந்தக் கட்டடத்துக்கு வந்தது யாரு?"

இன்ஸ்பெக்டர் வாசல் காவலாளியைப் பார்த்தான். கட்டடத்துக்கு வாசல் ஒன்றுதான்.

"பெரிய ஐயாவும் சின்ன ஐயாவும் வந்தாங்க. சின்ன ஐயா மட்டும் திரும்பிப் போனாரு. ரொம்ப நேரம் கழிச்சு இந்தத் தம்பி வந்தாப்ல. வேற ஈ, காக்கா நுழையலைங்க."

"ஐயாவோட போன் என்னாச்சு? தட்டுல காணோமே?" அவள் கேட்டாள்.

"அவர் அதை எந்தத் தட்டுலயும் போடற ஆளா? கையிலதான் வச்சிருந்தாரு. பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிக் கிடக்கு. லேப்ல திறந்து பார்க்க ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும்..." இன்ஸ்பெக்டர் திருப்புளியைப் பார்த்தான். "மன்னிச்சுடுங்க அண்ணி."

விலங்கு 'க்ளிக்' என்றது.

ஆர்க்கிடெக்ட் நடைபாதையில் இங்கும் அங்கும் நடந்தாள். ஐந்து எட்டு வைத்தால் சுவர். திரும்பினால் சுவர்.

அறையிலிருந்து போன் போகாது என்றால் தம்பி கொலைகாரன்.

போகும் என்றால், அவர் முன்னமே அடைபட்டுவிட்டார். தம்பி அப்போது கேட்டுக்கு வெளியே இருந்தான்! ஆனால் போகும் என்றால், அவளுடைய கட்டடம் ஓட்டை. மூன்று வருட உழைப்பு வெறும் தகர டப்பா. இனி ஒரு கழிப்பறை கட்டக்கூட யாரும் கூப்பிட மாட்டார்கள்.

கட்டடமா? தம்பியா?

"தம்பி!" இன்ஸ்பெக்டரின் எதிரே போய் நின்றாள். "ஒரு டெஸ்ட் பண்ணணும். நான் உள்ள போறேன், கதவை மூடு. உள்ளேயிருந்து உனக்குப் போன் பண்ணிப் பார்க்கறேன்."

"எதுக்கும்மா டெஸ்ட்?" ஆமாம்சாமி குறுக்கே பாய்ந்தார். "நான் முப்பது வருஷமா ஆண்டெனாத் துறையில இருக்கேன். சொல்றேன், உங்க கட்டடம் பர்ஃபெக்ட்! உலகத் தரம்! இதுல போய் டெஸ்ட்டாம், டெஸ்ட்டு!"

அவள் சட்டென்று நின்றாள்.

ஏதோ உறுத்தியது.

இந்த மனிதர் மூன்று வருடத்தில் ஒருநாள்கூட 'நல்லாயிருக்கு' என்று சொன்னதில்லை. ஒவ்வொரு தகட்டுக்கும் டெஸ்ட் கேட்டவர். தாழ்ப்பாளுக்கு டெஸ்ட் கேட்டவர். டெஸ்ட் பண்ணும் மெஷினுக்கே டெஸ்ட் கேட்டவர்!

இன்று மட்டும் என்ன பாராட்டு மழை?

"கைப்பிடியை மாட்டுங்கப்பா," என்றாள். "நான் உள்ள போறேன்."

* * *

கதவு மூடியது.

உலகம் நின்றுபோனது. சொந்த ரத்தம் ஓடும் சத்தம் காதில் கேட்டது.

கதவோரம். போன் போட்டாள்.

'சேவை இல்லை.'

மேடைமேல் ஏறினாள். சேவை இல்லை. வலது மூலை. இல்லை. பின்சுவர். இல்லை. கூம்புகளுக்கு நடுவே கையை விட்டு, எட்டின இடமெல்லாம் போனை நீட்டினாள். இல்லை. இல்லை. இல்லை!

இந்த 'இல்லை'க்காக மூன்று வருடம் தவம் கிடந்திருந்தாள். இப்போது ஒவ்வொரு 'இல்லை'யும் தம்பியின் நெஞ்சில் ஏறும் ஆணியாக இருந்தது.

"ஓட்டை ஆகித் தொலையேன், சனியனே!" என்று சொந்தக் கட்டடத்தைத் திட்டினாள். திட்டுகூட எதிரொலிக்கவில்லை.

வியர்த்து வெளியே வந்தாள்.

"என்ன அண்ணி? எனக்கு ஒரு ரிங்கும் வரலையே?"

போகவில்லை என்று தலையாட்டினாள்.

"நான்தான் சொன்னேனே! பர்ஃபெக்ட்!" ஆமாம்சாமி கைதட்டினார். நெற்றியில் வியர்வை ஆறாய் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒரு இடத்துலகூடப் போகலையாக்கா?" விலங்கு மாட்டிய கையோடு திருப்புளி சிரித்தான். "சபாஷ்க்கா! ஜெயிச்சுட்டே!"

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இவனை என்ன செய்ய?

கான்ஸ்டபிள் அவன் தோளைத் தொட்டார். "நடப்பா."

இரண்டடி நடந்திருப்பான்...

"இருங்க!"

அவள் கதவையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி... உள்ள மாட்டிக்கிட்ட மனுஷன் எங்க கிடப்பான்?"

"கதவுகிட்ட. தட்டித் தட்டி, அங்கயே விழுவான்."

"மகாகனம் ஏன் இடப்பக்கச் சுவர்கிட்டப் போய்க் கிடந்தாரு? அங்க என்ன இருக்கு?"

"அங்க ஒண்ணும் இல்லம்மா!" என்றார் ஆமாம்சாமி.

ரொம்ப வேகமாக!

அவள் மறுபடி உள்ளே ஓடினாள். கதவை இழுத்து மூடிக்கொண்டாள்.

இடப்பக்கச் சுவர். உடல் கிடந்த இடத்துக்கு மேலே, கண் உயரத்தில், ஒரு நுரைக் கட்டை, யாரோ விலக்கிப் பிடித்து விட்டது போல லேசாகக் கோணியிருந்தது. மற்றவை ஒட்டப்பட்டவை, இது வெறுமனே செருகப்பட்டது. பிடித்து இழுத்தாள்.

மூடி மாதிரி கையோடு வந்தது!

உள்ளே...

பித்தளை பளபளத்தது. தகட்டில் நான்கு மூலையிலும் நான்கு கனத்த போல்ட்கள். நடுவில் பெயர். பெயருக்கு முன்னால் ஏழு பட்டம், பின்னால் ஒன்பது.

உயிர் போகும் நேரத்தில் மனிதர்கள் மனைவியைத் தேடுவார்கள், பிள்ளையைத் தேடுவார்கள். மகாகனம் தன் பெயரைத் தேடிப் போயிருக்கிறார்!

போனைப் பலகை அருகில் கொண்டுபோனாள்.

சேவை இல்லை... சேவை இல்லை...

ஒரு கோடு!

அழுத்தினாள். காதில், இரைச்சலுக்கு நடுவே...

"ஹலோ? அண்ணி! அண்ணி, ரிங் வருது! பேசறது நீங்கதானா?"

அவள் ஓவென்று அழுதாள். தன் கட்டடம் ஓட்டை என்று தெரிந்து சந்தோஷத்தில் அழுத முதல் ஆர்க்கிடெக்ட் அவளாகத்தான் இருக்கும்.

* * *

சுவரின் வெளிப்பக்கம், நடைபாதையில், மகாகனத்தின் ஆளுயரப் படம் தொங்கியது. பித்தளைச் சட்டம். இன்ஸ்பெக்டர் அதை இறக்கினான்.

படம் தொங்கியதும் அதே போல்ட்களின் மறுமுனையில்தான்! உள்ளே பெயர், வெளியே முகம். நடுவில் பாவம், அலை புகாத சுவர்.

"போல்ட்டும் இரும்புச் சுவரும் நேரா தொட்டுக்கிட்டிருந்தா ஒரு அலையும் போயிருக்காது, தம்பி. ஆனா பாரு..." அவள் போல்ட்டைச் சுற்றியிருந்த சாம்பல் நிற வளையத்தைச் சுரண்டினாள். "பிளாஸ்டிக் ப்ளக். வீட்டுச் சுவர்ல காலண்டர் மாட்டற மாதிரி! அதனால போல்ட் சுவரைத் தொடாம தனியா நிக்குது. வெளியிலேர்ந்து அலையை வாங்கி உள்ள குடுக்குது, உள்ளேர்ந்து வாங்கி வெளிய குடுக்குது."

"உங்க ஆளுங்க வேலையா?"

"எங்க ஆளுங்க இப்படி மாட்டினா நான் கையை ஒடிச்சிருப்பேன்!"

"ஐயா..." காவலாளி தலையைச் சொறிந்தார். "போன ஞாயித்துக்கிழமை பெரிய ஐயாவும் சின்ன ஐயாவும் வந்தாங்க. சின்ன ஐயா கையில ட்ரில்லிங் மெஷின் இருந்துச்சு. சட்டையெல்லாம் தூசி."

எல்லாத் தலைகளும் திரும்பின.

ஆமாம்சாமி சுவரில் சாய்ந்திருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"நல்லாத்தானே மாட்டினேன்..." என்று முனகினார். "கெட்டியா நிக்கணும்னு ப்ளக் வச்சு, இறுக்கி... ஐயா, 'சபாஷ்'னு சொன்னாரே..."

"போன் வந்தப்ப திருப்புளி கேட்டுக்கு வெளிய. உங்க ஐயா இதுக்குள்ள. அவரோட உள்ள வந்தவர் நீங்க ஒருத்தர்தான்." இன்ஸ்பெக்டர் நெருங்கினான். "பெல்ட்டைக் கழட்டுங்க, மாத்திரை டப்பாவை வைங்கன்னு பவ்யமா வாங்கி வச்சிருப்பீங்க. போன் மட்டும் இருக்கட்டும் சார்னு விட்டிருப்பீங்க. எப்படியும் போகாதுன்னு தைரியம்! கைப்பிடியைக் கழட்டித் தம்பி பெட்டியில போட்டாச்சு. அவன் அன்னிக்கு விட்ட சவுண்டு ஊருக்கே தெரியும். அப்புறம் அண்ணிக்குப் போன் வந்ததுன்னு கேள்விப்பட்டதும் வயித்தைக் கலக்கியிருக்கும். எப்படிப் போச்சுன்னு உங்களுக்கே புரியல. ஆனா, 'கட்டடம் பர்ஃபெக்ட்'னு சாதிச்சுட்டா அந்தப் போனே உங்களைக் காப்பாத்திடும். சரிதானே சார்?"

ஆமாம்சாமி வாழ்க்கையில் கடைசியாக ஒருமுறை, பழக்கதோஷத்தில், "ஆமாம் சார்," என்றார்.

பிறகு உடைந்தார்.

"மூணாவது தடவை பதவி நீட்டிப்பு, சார்! இன்னிக்குத் திறப்பு விழாவுல அறிவிக்கப் போறேன்னாரு. அதுக்கு நன்றி உரையை என்னையே எழுதச் சொன்னாரு! அவர் ஓய்வு பெறும்போது நான் ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகியிருக்கும்!"

"அதுக்காக ஒரு மனுஷனை மூடி வச்சுட்டுப் போய் மைக்குல பேசினீங்களா?" அவள் கேட்டாள். "அவர் பட்டத்தை எல்லாம் சொல்லாம 'காப்பாத்து'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் ஓடி வந்திருப்பேனே..."



விலங்கு கை மாறியது. திருப்புளி மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு, நேராகப் போல்ட்களிடம் போனான். பையிலிருந்து திருப்புளியை எடுத்தான்.

"அக்கா, இதைப் பிடுங்கிட்டு ஓட்டையை அடைச்சா சரியாயிடும்ல?"

"அதைத் தொடாதேடா!" இன்ஸ்பெக்டர் அவன் கையைத் தட்டிவிட்டான். "முக்கியமான சாட்சி!"

ஜீப்பை நோக்கி நடத்திச் செல்லப்படும் ஆமாம்சாமியை இன்ஸ்பெக்டர் ஒரு கணம் பார்த்தான். அப்புறம் சுவரில் நீட்டிக்கொண்டிருந்த போல்ட்களை.

"முப்பது வருஷ சர்வீஸ்ல அந்த ஆள் சொந்தக் கையால செஞ்ச ஒரே ஆண்டெனா, அண்ணி! என்னமா வேலை செஞ்சிருக்கு பாருங்க!"